பௌர்ணமிக்கும் பூகம்பத்துக்கும் என்ன கணக்கு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து நிலவையும் நிலநடுக்கத்தையும் சேர்த்துக் கேட்கும் கடிதங்கள் வந்துவிடும். இம்முறை வந்தவற்றில் ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, ஏழு கேள்விகளாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

2004 டிசம்பர் 26-ம் தேதி நாட்காட்டித் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் பௌர்ணமி என்று அச்சாகியிருக்கிறது. குஜராத் பூகம்பம் அமாவாசையை ஒட்டி வந்தது. லாத்தூர் பூகம்பம் பௌர்ணமியன்று வந்தது. இதையெல்லாம் தற்செயல் என்று எப்படி ஒதுக்குவது? (தேவனாம்பட்டினம்)

நீங்கள் சொல்லும் தேதிகள் சரியானவை. சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தது, நம் நேரப்படி காலை 6.28-க்கு, மார்கழிப் பௌர்ணமியன்று. 1993 செப்டம்பர் 30-ம் தேதி விடியற்காலையில் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி அதிர்ந்ததும் பௌர்ணமி நாளில்தான். 2001 ஜனவரி 26-ம் தேதியின் பூஜ் பூகம்பம் அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் வந்தது.

ஆனால் உங்கள் பட்டியலில் சேராமல் போன தாள்களையும் புரட்டிப் பார்க்க வேண்டும். நேபாளத்தை உலுக்கிய 2015 ஏப்ரல் 25, சரியாக அரைநிலவு நாள். ஜப்பானில் சுனாமியைக் கிளப்பிய 2011 மார்ச் 11, அரைநிலவுக்கு முந்தைய நாள். எட்டு நாள் கழித்து வரவிருந்த பெரிய பௌர்ணமியைக் காட்டி அப்போதும் நிலவின் மீதே பழி போட்டார்கள். 2012 ஏப்ரல் 11-ம் தேதி பிற்பகலில் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்து, நம் கடற்கரைக் குப்பங்களுக்கும் சுனாமி எச்சரிக்கை வந்ததே, அது தேய்பிறை அரைநிலவுக்கு இரண்டு நாள் முன்பு. எல்லாவற்றிலும் நமக்கு நெருக்கமானது 2001 செப்டம்பர் 25-ம் தேதி இரவு எட்டரை மணி அளவில் புதுச்சேரிக்கு நேர் கிழக்கே கடலுக்கடியில் வந்த 5.5 அளவு நிலநடுக்கம். மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கியது இன்னும் காதில் இருக்கிறது. அன்று வளர்பிறை அரைநிலவுக்கு மறுநாள். பஞ்சாங்கத்தை மட்டும் நம்பியிருந்தால், அந்த மாதத்தில் அச்சம் குறைந்த இரவுகளில் ஒன்று அது.

இதற்குள் ஓர் எளிய எண்ணிக்கை ஒளிந்திருக்கிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும், அவற்றுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாட்களையும் சேர்த்தால் பத்து நாட்களாகின்றன. நிலவின் சுற்றோ இருபத்தொன்பதரை நாட்கள். ஆக, நிலவுக்கும் பூகம்பத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், மூன்றில் ஒரு பூகம்பம் உங்கள் பட்டியலில் வந்து உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இரண்டு நாளை மூன்றாக நீட்டினால் ஏறக்குறைய பாதி வந்துவிடும். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் சூசன் ஹஃப், 17-ம் நூற்றாண்டிலிருந்து பதிவான, 8-க்கு மேற்பட்ட பூகம்பங்களை எடுத்துக்கொண்டு, அவை ஆண்டின் எந்த நாளையாவது, நிலவின் எந்தக் கலையையாவது விரும்பித் தேர்ந்தெடுக்கின்றனவா என்று ஆராய்ந்து 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி. அதன் சுருக்கம் என்ற இடத்தில் அவர் எழுதியது ஒரே சொல்: ‘இல்லை’.

கடலையே தூக்கி இறக்குகிற நிலவு, நிலத்தை மட்டும் அசைக்காமல் விட்டுவிடுமா? (முத்தியால்பேட்டை)

விடுவதில்லை. கடலுக்கு ஓதம், அதாவது நாள்தோறும் ஏறி இறங்கும் அசைவு, இருப்பதுபோல் நிலத்துக்கும் ஓதம் உண்டு. நீங்கள் இதைப் படிக்கும் இடமும், அதன் மீதுள்ள வீடும், தெருவும், ஊரும் சேர்ந்து நாளுக்கு இரண்டு முறை 30, 40 சென்டிமீட்டர் வரை ஏறி இறங்குகின்றன. சுற்றியுள்ள அனைத்தும் கூடவே ஏறுவதால் நமக்குத் தெரிவதில்லை.

இந்த ஏற்ற இறக்கம் பாறைகளுக்குள் உண்டாக்கும் அழுத்த மாற்றம் சில கிலோபாஸ்கல் மட்டுமே. இதை நம் ஊர் அனுபவத்தில் சொல்வதானால், 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததே, அத்தகைய கடும்புயலின் நடுவே காற்றழுத்தம் 30, 40 மில்லிபார் இறங்கிவிடும். அது 3, 4 கிலோபாஸ்கலுக்குச் சமம். பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்துப் போட்ட காற்றை மறந்துவிட்டு, அந்தக் காற்றழுத்தக் குறைவை மட்டும் நினைத்துப் பாருங்கள். நிலவு பாறைக்குள் செய்வதும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஒரு பெரிய பூகம்பம் விடுவிக்கும் இறுக்கமோ இதைப்போல் ஆயிரம் மடங்கு. இந்தியத் தட்டு சுமத்ரா, அந்தமான் பகுதிக்கு அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைந்து, நூற்றாண்டுக் கணக்கில் சேர்த்த இறுக்கம் அது.

அப்படியானால் நிலவுக்கு வேலையே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைத் தற்செயலுக்கு உவமையாகச் சொல்வோம். இங்கே காக்கைக்கும் கொஞ்சம் எடை இருக்கிறது என்பதுதான் சுவாரசியம். பழம் காம்பு கழலும் நிலைக்கு வந்திருந்தால் அந்த எடை போதும், காயாக இருந்தால் பத்துக் காக்கைகள் உட்கார்ந்தாலும் விழாது. ஒரு தட்டின் மேல் இன்னொன்று ஏறும் வகையிலான, ஆழம் குறைந்த பூகம்பங்கள், கடல் ஓதத்தின் பாரமும் சேர்ந்து அழுத்தம் மிகும் நேரங்களில் சற்று அதிகமாக வருவதை 2004-ல் எலிசபெத் காக்ரனும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். 2016-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சத்தோஷி இடே என்பவரின் குழு, ஓத அழுத்தம் மிகுந்த நாட்களில், தொடங்கிவிட்ட சிறு முறிவு ஒன்று பெரும் பூகம்பமாக வளரும் வாய்ப்புச் சற்றுக் கூடுவதாகக் கண்டது. அதைவிட வியப்பு, சச்சிகோ தனாகா சுமத்ரா பகுதியில் கண்டது: 2004-க்கு முந்தைய சுமார் பத்து ஆண்டுகளில் அங்கே வந்த சிறு அதிர்வுகள் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தோடு இசைந்து வந்திருக்கின்றன. பழம் கனிந்துவிட்டதற்கு அடையாளமாக அதைப் படிக்க இடமுண்டு. ஆனால் இத்தகைய இசைவு பூகம்பம் முடிந்த பிறகு பதிவேடுகளில் தேடிக் கண்டதே தவிர, முன்கூட்டி எச்சரித்ததல்ல.

நிலவிலும் நடுக்கம் உண்டு. அப்பல்லோ பயணிகள் விட்டுவந்த கருவிகள், 1969 முதல் 1977 வரை, நிலவின் மேற்பரப்பிலிருந்து 700 கிலோமீட்டருக்கும் கீழே, பூமியின் ஈர்ப்புக்கு ஏற்ப ஏறக்குறைய 27 நாளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும் மெல்லிய அதிர்வுகளைப் பதிவு செய்தன. நாட்காட்டிப்படி நடுங்குவது நிலவுதான்.

கோள்கள் நேர்கோட்டில் வந்தால் பூமி நடுங்கும் என்கிறார்களே? (வில்லியனூர்)

நடுங்காது. ஓத விசை தொலைவின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் குறையும். வெள்ளி நமக்கு மிக அருகில் வரும்போதுகூட அது செலுத்தும் ஓத விசை நிலவின் விசையில் சுமார் 18,000-ல் ஒரு பங்கு. வியாழனுடையது சுமார் 1,70,000-ல் ஒரு பங்கு. நிலவோ ஒவ்வொரு மாதமும் அருகில் வந்து விலகுவதிலேயே தன் விசையைக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மாற்றிக்கொள்கிறது. அதையே தாங்குகிற பூமிக்கு வியாழன் ஒரு தூசு.

1962 பிப்ரவரியில் மகர ராசியில் அஷ்டக்கிரகச் சேர்க்கை நிகழ்ந்தபோது நாடெங்கும் யாகங்கள் நடந்தன. நாட்கள் அமைதியாகக் கடந்தன. அதே அச்சம் 1982 மார்ச் 10-க்கு அறிவியல் உடை உடுத்தி வந்தது. கோள்களின் இழுப்பால் கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு முறியும் என்றார்கள். அதுவும் முறியவில்லை.

துருக்கி பூகம்பத்தை ஒருவர் மூன்று நாள் முன்பே கோள்களை வைத்துச் சொன்னாரே? (நெல்லிக்குப்பம்)

அவர் 2023 பிப்ரவரி 3-ல் எழுதியது, தென்மத்தியத் துருக்கி, ஜோர்டான், சிரியா, லெபனான் வட்டாரத்தில் என்றாவது ஒரு நாள் சுமார் 7.5 அளவில் பூகம்பம் வரும் என்பது. நாள் குறிக்கப்படவில்லை. அங்கே பெரும் பிளவு இருப்பதும் அது இறுகிக் கிடப்பதும் நிலவியலாளர்கள் நெடுங்காலமாக எழுதிவந்ததுதான். அதைச் சொல்லக் கோள்கள் தேவையில்லை. பிப்ரவரி 6-ல் பூகம்பம் வந்ததும் ‘என்றாவது’ என்ற சொல் மறைந்து ‘மூன்று நாள் முன்பே’ என்பது மட்டும் நின்றுவிட்டது. முன்னறிவிப்பு என்றால் இடம், நாள், அளவு மூன்றும் இருக்க வேண்டும். உலகில் 6-க்கு மேற்பட்ட பூகம்பங்கள் ஆண்டுக்கு நூற்றுக்கும் அதிகமாக வருகின்றன. ‘இந்த வாரம் எங்கோ ஒரு பெரிய அதிர்வு’ என்று நானும் சொல்லலாம், பெரும்பாலும் பலித்துவிடும்.

கிரகணத்தன்று ஆபத்துக் கூடுமா? (பாகூர்)

கிரகணம் என்பது இன்னும் நேர்த்தியான அமாவாசை அல்லது பௌர்ணமி, அவ்வளவுதான். 2019 டிசம்பர் 26-ம் தேதி தமிழ்நாட்டின் குறுக்கே கங்கண சூரிய கிரகணம் சென்றது. அன்று நம் பக்கம் ஒரு டம்ளரும் சிணுங்கவில்லை.

இந்த எண்ணத்தை முதலில் அறிவியலாக எழுதியவர் யார்? (புதுச்சேரி)

புதுச்சேரிக்காரர் கேட்பது பொருத்தம்தான், விடை பிரான்சில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் திழோன் நகரில் வாழ்ந்த அலெக்சி பெரே, பூகம்பங்களின் பட்டியல்களை ஆண்டுக்கணக்கில் தொகுத்து, அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும், நிலவு அருகில் வரும்போதும், அது உச்சியில் நிற்கும்போதும் அவை மிகுவதாக எழுதினார். மெல்லிய ஓட்டுக்குக் கீழே உருகிய குழம்பு இருக்கிறது, கடலைப்போல் அதற்கும் ஓதம் உண்டு, அது ஓட்டை முட்டுகிறது என்பது அவருடைய விளக்கம். பின்னர் நிலநடுக்க அலைகளைக் கொண்டே ஓட்டுக்குக் கீழுள்ள கவசம் பெரும்பாலும் திடமானது என்று தெரிந்ததும் அந்த விளக்கம் சரிந்தது. அவருடைய உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. கணினி இல்லாத காலத்தில் ஆயிரக்கணக்கான தேதிகளைக் கையால் எழுதிக் கூட்டிய மனிதர்.

சுனாமி அமாவாசையன்று வந்தால் அழிவு கூடுதலாக இருக்குமா? (சிங்காரத்தோப்பு)

திதிக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடம் இதுதான். பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் உப்பனாற்றங்கரையில் அமாவாசை ஏற்றத்தில் நின்று பாருங்கள்: கட்டியிருக்கும் படகுகள் மேலே வந்து கயிறு தொய்ந்து கிடக்கும், வற்றத்தில் அதே கயிறு விறைத்து, கரைக்கல்லில் ஈரக்கோடு ஒரு முழத்துக்கும் மேலே தனியே தெரியும். நம் கரையில் பெரும் ஓதத்தின் வீச்சு ஏறக்குறைய ஒரு மீட்டர். சுனாமி ஏற்ற நேரத்தில் வந்தால் வழக்கமான நீர்மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் வரை உயரத்திலிருந்து தொடங்கும். வற்றத்தில் வந்தால் அவ்வளவு குறையும். ஆயினும் அமாவாசையன்றும் வற்றம் உண்டு என்பதால், கணக்கில் வருவது திதியைவிட அந்த மணி நேரம்தான். எந்த நேரமானாலும், நிலம் நீண்ட நேரம் ஆடினாலோ, வற்றத்துக்கு ஒவ்வாத அளவுக்குக் கடல் உள்வாங்கினாலோ, 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையத்தின் அறிவிப்பு வந்தாலோ, படகையும் வலையையும் அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்குப் போய்விடுங்கள்.