துறைக்குள் சீர்திருத்தம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாநில அரசுத் துறையொன்றில் அண்மையில் துணை இயக்குநராகப் பதவி உயர்வு பெற்றுள்ளேன். கோப்புகள் மேசைக்கு மேசை தேங்குகின்றன. எதைக் கேட்டாலும் ‘வழக்கம் இதுதான்’ என்கிறார்கள். விதிகளைத் திருத்தும் அதிகாரம் எனக்கில்லாத நிலையில் எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: சுற்றறிக்கையிலிருந்து தொடங்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். உங்கள் துறையில் பணம் எந்த வழியாகப் போகிறது, ஒரு பொருளோ ஆணையோ தேவைப்படுபவரின் கைக்குச் சேர்வதற்குள் யார் மேசையில் எதற்காக நிற்கிறது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இதற்கான நல்ல முன்மாதிரி நம் மாநிலத்திலேயே உண்டு. 1994-இல் நிறுவப்பட்டு, 1995 சனவரியில் மருந்து வழங்கத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத்தான் சொல்கிறேன். அதன் உருவாக்கத்தில் முதன்மையான பங்கு ஐ.ஏ.எஸ். அதிகாரி பூர்ணலிங்கத்துக்கு உண்டு.

அதற்கு முன்பு அரசு மருத்துவமனைகளுக்கான கொள்முதல் பல அலுவலகங்களில் சிதறிக் கிடந்தது. விற்றவருக்குப் பணம் வந்து சேரத் தாமதமானதால், அந்தத் தாமதத்துக்கும் சேர்த்தே விலை சொன்னார்கள். கேட்காத மருந்து வந்து காலாவதியாகும். கேட்ட மருந்து இல்லாமல் நோயாளி சீட்டுடன் வெளிக்கடைக்கு நடப்பார். கழகம் தேவையான மருந்துகளின் பட்டியலைச் சுருக்கி, வணிகப் பெயர்களை விடுத்து மூலப்பெயரிலேயே ஒப்பந்தப்புள்ளி கோரி, உற்பத்தியாளரிடமிருந்தே வாங்கி, மாவட்டங்களில் கிடங்குகளைத் திறந்தது.

ஆனால் நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது பாஸ்புக் முறையை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று எழுதிய ஒரு பாஸ்புக் தரப்பட்டது. மருந்தாளுநர் அதைக் கிடங்குக்குக் கொண்டுபோய், தங்களுக்கு வேண்டியதை எடுத்ததும் அதன் மதிப்பு அதில் கழிக்கப்படும். எந்த ஊருக்கு எந்த மருந்து எவ்வளவு என்று தலைமையிடத்தில் இருந்தவர் முடிவு செய்த நிலை மாறி, நோயாளியை அன்றாடம் பார்ப்பவர் முடிவு செய்யும் நிலை வந்தது. என் பார்வையில் கழகத்தின் பிற மாற்றங்கள் அனைத்தையும்விட இதுவே பெரியது. உங்கள் துறையிலும் முடிவெடுக்கும் இடத்தை ஒரு படியாவது கீழே இறக்க முடியுமா என்று தேடுங்கள். அதற்குச் சட்டத்திருத்தம் தேவைப்படாத இனங்கள் நிச்சயம் சில இருக்கும்.

கேள்வி: நல்ல மாற்றமாகவே இருந்தாலும் ஊழியர்கள் ஒத்துழைப்பதில்லையே? அவர்களைக் கடிந்துகொள்ளாமல் வேலை நடக்குமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஒத்துழையாமை என்று நாம் எண்ணுவதில் பெரும்பகுதி தணிக்கை குறித்த அச்சமே. புதிதாக ஒரு முடிவெடுத்த எழுத்தருக்குத் தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபம், வரும். கோப்பை நிறுத்தி வைத்தவருக்கு எதுவும் வராது. ஆகவே புதிய நடைமுறையை உங்கள் கையொப்பத்துடன் எழுத்தில் தந்து, அதன் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழி உத்தரவை நம்பி எந்த எழுத்தரும் கோப்பை நகர்த்த மாட்டார்; நகர்த்தவும் கூடாது.

இரண்டாவது காரணம், வெளியிலிருந்து வரும் நெருக்குதல். மருத்துவப் பணிகள் கழகம் இதைக் கையாண்ட விதம் நேர்த்தியானது. வந்திறங்கும் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, நிறுவனத்தின் பெயரை மறைத்து, வெறும் குறியீட்டு எண்ணுடன் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். யாருடைய மருந்து என்பது சோதிப்பவருக்குத் தெரியாதபோது யாருக்காகவும் அவரிடம் பரிந்துபேச வழியில்லை. மாத்திரை அட்டைகளிலேயே அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிடச் செய்ததால், கிடங்கிலிருந்து கடைக்கு நழுவும் சரக்கும் அடையாளம் தெரிந்துவிடும். இத்தகைய ஏற்பாடுகள் நேர்மையான ஊழியருக்குக் கவசமாகின்றன. மற்றவர்களைக் கடிந்துகொள்ள வேண்டிய தேவையும் வெகுவாகக் குறைகிறது.

கேள்வி: அதிகாரி மாற்றலாகிப் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறதே?
– வாசகர், சேலம்

பதில்: பெரும்பாலும் ஆகிவிடுகிறது என்பது உண்மைதான். குஜராத்தின் சூரத் நகரில் 1994-இல் பிளேக் பீதி பரவியபின், 1995-இல் மாநகராட்சி ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ், உயர் அதிகாரிகளை அன்றாடம் தெருவில் இறங்கிப் பார்வையிடச் செய்ததைப் பலரும் புகழ்வார்கள். அந்த வழக்கம் ஆளைப் பொறுத்தது. அவர் நகரை மண்டலங்களாகப் பிரித்து, மண்டல அதிகாரிகளுக்குத் தம் அதிகாரங்களைப் பகிர்ந்தளித்ததோ அப்படிப்பட்டதன்று. மண்டல நிர்வாகம் சூரத்தில் இன்றும் உள்ளது. நீங்கள் கொண்டுவந்த நடைமுறைக்கு முறையான ஆணை, நிதி ஒதுக்கீட்டில் ஓர் இனம், பொறுப்பான ஒரு பணியிடம் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்பதை மாற்றல் உத்தரவு வருவதற்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், அடுத்து வருபவர் அதைக் கைவிடுவதற்கு ஒரு வரிக் குறிப்பே போதும்.