“வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்று பள்ளிக்கூடம் போன் எடுத்தால்

கேள்வி: அண்ணா, வணக்கம். மகனுக்கு 13 வயது, இயர் 8 படிக்கிறான். பத்து வயதில் ஓட்டிசம் என்று என்.எச்.எஸ். கடிதம் தந்தது. பிறைமரியில் பெரிய கரைச்சல் இல்லை. செகண்டரிக்குப் போன பிறகுதான் எல்லாம். விசேட கல்வித் தேவைப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்கிறார்கள், ஆனால் என்ன உதவி என்று கேட்டால் ஒருவரும் விளக்கமாகச் சொல்வதில்லை. வகுப்பில் சத்தம் கூடினால் மேசைக்குக் கீழே போய் இருந்துவிடுவான், இல்லாவிட்டால் வெளியே ஓடுவான். இந்தத் தவணையில் மட்டும் ஒன்பது தடவை மத்தியானத்துக்கு முதலே போன் வந்துவிட்டது: “அவன் இன்றைக்கு அமைதியாக இல்லை, வந்து கூட்டிக்கொண்டு போங்கோ.” நான் கடையில் டில்லில் நிற்கிறவள். ஒவ்வொரு தடவையும் முதலாளியிடம் கெஞ்சிவிட்டு ஓடவேண்டும். கவுன்சில் தரும் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டமான ஈ.எச்.சி.பி. கேட்டேன். அவன் படிப்பில் அவ்வளவு பின்தங்கவில்லை, கிடைக்காது என்று சென்கோ, அதாவது விசேட கல்வித் தேவைக்குப் பொறுப்பான ரீச்சர், சொன்னா. அதுவும் முதலில் கல்வி உளவியலாளர் பார்க்கவேண்டுமாம், அதற்கு இரண்டு வருடம் காத்திருக்கவேண்டுமாம். வீட்டில் தமிழ் கதைப்பதால்தான் எழுத்து வரவில்லை என்று இங்கிலீஷ் ரீச்சர் சொல்லுறா. நாங்கள் இன்னும் விசாவில்தான் இருக்கிறோம். கவுன்சிலிடம் எதையாவது கேட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று இவர் பயப்படுகிறார். மாமி வேறு, “பிள்ளைக்குப் பெயர் வைக்காதே” என்கிறா. நான் என்ன செய்ய?
– வடமேற்கு லண்டனில் இருந்து ஒரு தாய்

பதில்: தங்கச்சி, அந்த ஒன்பது போன் அழைப்புகளில் இருந்தே தொடங்குவோம். உங்களுக்கு நடப்பவற்றில் ஆகப் பெரிய பிழை அதுதான். அதை எல்லாரும் உங்களுக்குச் செய்யும் உபகாரம் மாதிரிக் காட்டியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் நடத்தையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒரே வழிதான் இருக்கிறது: சஸ்பென்சன், அதாவது இடைநிறுத்தம். அதைத் தலைமை ஆசிரியர் மட்டும்தான் செய்யலாம். ஒழுக்கக் காரணத்துக்காக மட்டும்தான் செய்யலாம். என்ன காரணம், எத்தனை நாள் என்று உங்களுக்கு எழுத்தில் தரவேண்டும். “கொஞ்சம் ஆறட்டும், கூட்டிக்கொண்டு போங்கோ” என்பது சட்டத்துக்கு மாறானது. பெற்றோர் ஓம் என்று சொன்னாலும் மாறானதுதான் என்று கல்வி அமைச்சின் வழிகாட்டியே சொல்கிறது. நீங்கள் ஒன்பது தரம் ஓடிப்போய்க் கூட்டிவந்ததால் அது சரியாகிவிடாது.

அடுத்த தரம் போன் வரும்போது இதைக் கேளுங்கள்: “இது சஸ்பென்சனா? ஓம் என்றால் கடிதம் தாருங்கள். இல்லை என்றால் அவன் பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும், அவனுக்கு அமைதியான ஒரு அறை கொடுங்கள்.” மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே வராது. பிள்ளை அழுது துடித்துக்கொண்டிருந்தால் போய்க் கூட்டிவாருங்கள். கொள்கைக்காகப் பிள்ளையை விட்டுவிட்டு இருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அன்றிரவே ஒரு ஈமெயில் போடவேண்டும்: இத்தனை மணிக்கு இன்னார் எடுத்தார், இப்படிச் சொன்னார், இத்தனை மணிக்குக் கூட்டிவந்தேன். மூன்று வரி போதும்.

இன்னொன்று. பள்ளிக்கூடத்திடம் அவனுடைய வரவுப் பதிவேட்டின் பிரதியைக் கேளுங்கள். சஸ்பென்சன் நாளுக்கு ‘ஈ’ என்ற குறி வரவேண்டும். அந்த ஒன்பது பின்னேரங்களுக்கும் என்ன குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். என் மேசைக்கு வந்த இப்படியான பதிவேடுகளில் அடிக்கடி இருப்பது ‘ஐ’, அதாவது வருத்தம், சுகமில்லை என்ற குறி. வருத்தம் இல்லாத பிள்ளைக்கு வருத்தம் என்று எழுதியிருந்தால், உங்கள் கதையை நீங்கள் சொல்லத் தேவையில்லை, அந்தத் தாளே சொல்லும்.

“சஸ்பென்சன் என்று பதிந்தால் பிள்ளைக்குக் கறுப்புப் புள்ளி அல்லவா” என்று கேட்பீர்கள். எல்லாத் தாய்மாரும் கேட்பதுதான். பதிவில் வந்தால்தான் உங்களுக்கு உரிமை வரும். ஒரு தவணையில் ஐந்து நாளுக்கு மேல் போனால் நீங்கள் முறையிட்டால் பள்ளிக்கூட நிர்வாக சபை கூடி உங்கள் பக்கத்தைக் கேட்கவேண்டும், 15 நாளுக்கு மேல் போனால் கட்டாயம் கூடி ஆராயவேண்டும். ஒரு கல்வியாண்டில் 45 நாளுக்கு மேல் சஸ்பென்சன் கொடுக்கவே முடியாது. பதிவில்லாமல் அனுப்பினால் இதில் ஒன்றும் இல்லை. ஒன்பது நாளும் நடக்காத நாள்கள் ஆகிவிடும்.

இனி அந்தப் பட்டியல். பிறைமரியில் ஒரு வகுப்பு, ஒரு ரீச்சர், ஒரே மேசை. அவனை அந்த ரீச்சருக்குத் தெரியும். செகண்டரியில் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ரீச்சர்மார், மணிக்கொரு அறை, மணி அடித்தால் நடைபாதையில் ஆயிரம் பிள்ளைகள். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு அது ஒவ்வொரு நாளும் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த மாதிரி. ஆகவே “எங்களுக்கு அவனைத் தெரியும்” என்ற வாய்ச்சொல் அங்கே உதவாது, பன்னிரண்டு பேருக்கும் போய்ச்சேரும் ஒரு தாள் வேண்டும். 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தின் 66ஆம் பிரிவுப்படி, அவனுக்குத் தேவையான உதவி கிடைக்கப் பள்ளிக்கூடம் தன்னால் ஆன முழு முயற்சியும் எடுக்கவேண்டும். விசேட கல்வித் தேவைக்கான அரசின் 2015ஆம் ஆண்டு நடைமுறைக் கோவை இன்னும் விளக்கமாகச் சொல்கிறது: தேவையை மதிப்பிடு, திட்டமிடு, செய், திரும்பிப் பார், பெற்றோரை வருடத்துக்கு மூன்று தடவையாவது சந்தி. ஆகவே சென்கோவிடம் “என்ன உதவி?” என்று கேட்காதீர்கள், “திட்டத்தின் பிரதியை அனுப்புங்கள்” என்று கேளுங்கள். பெயர் மட்டும் உள்ள பட்டியல் திட்டம் ஆகாது.

ஈ.எச்.சி.பி. விஷயத்துக்கு வருவோம். சென்கோ சொன்ன மூன்றும் சட்டத்தில் இல்லை. அவ பொய் சொல்கிறா என்று நான் சொல்லவில்லை. பல கவுன்சில்கள் தங்களுக்கென்று ஒரு படிவம், ஒரு அளவுகோல் வைத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கின்றன.

திட்டத்துக்கு முதல் படி கவுன்சில் செய்யும் மதிப்பீடு. அதைப் பற்றிய 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36(8)ஆம் பிரிவைத் தமிழில் சொன்னால் முழுவதும் ஒரு ‘லாம்’ மேல் தொங்குகிறது. பிள்ளைக்கு விசேட கல்வித் தேவை இருக்கிறது, அல்லது இருக்கலாம். அதற்குத் திட்டம் வழியாக உதவி தேவைப்படலாம். இவ்வளவுதான். இந்த இரண்டு ‘லாம்’ பொருந்தினால் கவுன்சில் மதிப்பீடு செய்தே ஆகவேண்டும். பிள்ளை இரண்டு வருடம் பின்தங்கவேண்டும் என்றோ, பள்ளிக்கூடம் முதலில் தன் பணத்தில் 6,000 பவுண் செலவழித்துக் காட்டவேண்டும் என்றோ அதில் ஒரு சொல் இல்லை. அந்த 6,000 பவுண் என்பது பள்ளிக்கூட நிதிக் கணக்கில் வரும் ஒரு எண், மதிப்பீட்டுக்கான வாசல்படி இல்லை. தேவை என்பது புள்ளி மட்டுமா என்றால் அதுவும் இல்லை. தொடர்பாடல், கற்றல், சமூக-உணர்ச்சி-மனநலம், புலன் மற்றும் உடல் என்று நான்கு வகையை நடைமுறைக் கோவை சொல்கிறது. கணக்கில் 80 எடுக்கிற பிள்ளை மேசைக்குக் கீழே இருந்தால் அதுவும் தேவைதான்.

கல்வி உளவியலாளர் கதை தலைகீழாக நிற்கிறது. கவுன்சில் மதிப்பீட்டுக்கு ஓம் என்றால், உளவியலாளரின் அறிக்கையை எடுப்பது கவுன்சிலின் சட்டக் கடமை. அந்த அறிக்கையைக் காட்டித்தான் உள்ளே வரவேண்டும் என்பது, வைத்தியர் பார்ப்பதற்கு முதல் மருந்தை வாங்கிக்கொண்டு வா என்பது மாதிரி.

பள்ளிக்கூடத்தின் அனுமதியும் உங்களுக்குத் தேவையில்லை, பெற்றோரே நேரே கேட்கலாம். கவுன்சிலின் விசேட கல்வித் தேவைப் பிரிவுக்கு ஈமெயில் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதுங்கள், பொருள் இதுதான்: “நான் இன்னாருடைய தாய். பிள்ளைகள், குடும்பங்கள் சட்டம் 2014இன் 36(1)ஆம் பிரிவின்படி என் மகனுடைய கல்வி, சுகாதார, பராமரிப்புத் தேவைகளை மதிப்பிடுமாறு கேட்கிறேன். அவனுக்கு விசேட கல்வித் தேவை உண்டு. அதற்குத் திட்டம் வழியாக உதவி தேவைப்படலாம்.” கீழே அந்த ஒன்பது நாள்களையும் திகதியோடு போடுங்கள். என்.எச்.எஸ். கடிதத்தை இணையுங்கள். கவுன்சிலின் படிவத்தை நிரப்பச் சொன்னால் நிரப்பலாம், ஆனால் படிவம் வரும்வரை நாள் எண்ணுவது நிற்காது. நீங்கள் கேட்ட நாளில் இருந்து ஆறு வாரத்துக்குள் ஓம் அல்லது இல்லை என்று பதில் தரவேண்டும். திட்டம் தருவதாக இருந்தால் முழு வேலையும் 20 வாரத்துக்குள் முடியவேண்டும்.

பதில் ‘இல்லை’ என்றே வரக்கூடும். அந்தக் கடிதத்தைப் பார்த்து அழவேண்டாம், அதில் உள்ள திகதியைப் பாருங்கள். அந்தத் திகதியில் இருந்து இரண்டு மாதத்துக்குள் நீங்கள் விசேட கல்வித் தேவைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கு முதல் சமரச ஆலோசகர் ஒருவருக்குப் போன் எடுத்து ஒரு சான்றிதழ் வாங்கவேண்டும். சமரசப் பேச்சுக்குப் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வேண்டாம் என்று சொன்னாலும் சான்றிதழ் தருவார்கள். சான்றிதழ் கிடைத்த நாளில் இருந்து ஒரு மாதம், அல்லது முதல் சொன்ன இரண்டு மாதம், எது பிந்துகிறதோ அதுதான் கடைசி நாள். கட்டணம் ஒரு சதமும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் கேட்டால் தருவார்கள். 2022-23இல் விசாரணைவரை போய்த் தீர்ப்பான மேன்முறையீடுகளில் 98 வீதம் பெற்றோர் பக்கம் போயின. கேட்டது எல்லாம் கிடைத்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை, ஓரளவு கிடைத்ததும் அந்தக் கணக்கில் சேரும். என்றாலும் கவுன்சிலின் முதல் ‘இல்லை’க்கு எவ்வளவு பெறுமதி என்று இதில் தெரியும். எங்களைப் போன்ற வழக்கறிஞருக்குக் காசு கொடுக்க முதல் ஐப்சியா என்ற தொண்டு நிறுவனத்தையும், உங்கள் பகுதியில் பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் செண்டியாஸ் சேவையையும் கேளுங்கள். இரண்டும் இலவசம். இதை எழுதினால் என் பங்காளி முகம் சுளிப்பார், பரவாயில்லை.

இங்கிலீஷ் ரீச்சருக்கு ஒரு பதில். வீட்டு மொழி வேறு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளைக்குக் கற்றல் இடர்ப்பாடு இருக்கிறது என்று சொல்லக்கூடாது என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. அது உங்கள் பிள்ளையைக் காப்பாற்ற வந்த வரி. வீட்டில் தமிழ் கதைக்கிற பிள்ளைக்கு இடர்ப்பாடே இருக்க முடியாது என்று அதைத் திருப்பிப் போடுகிறார்கள். நான் இப்படித்தான் கேட்பேன்: அவன் தமிழில் ஒரு கதை சொல்லும்போதும் ஒழுங்கு மாறுகிறதா? தமிழ் எழுத்தைப் பழக்கினபோதும் இதே கஷ்டம் இருந்ததா? ஓம் என்றால் மொழி குற்றவாளி இல்லை. அதைக் கடிதத்தில் எழுதுங்கள், வாசிப்பு, எழுத்து இடர்ப்பாடான டிஸ்லெக்ஸியா இருக்கிறதா என்று பார்க்கும்படியும் கேளுங்கள். தமிழை நிறுத்தவேண்டாம். அவன் அமைதியாகிற மொழி அதுவாக இருந்தால், அதையும் பறித்துவிட்டு என்ன செய்வான்?

உங்கள் கணவரின் பயம் நியாயமானது, ஆனால் இடம் மாறி நிற்கிறது. அரசுப் பள்ளிக்கூடப் படிப்பும், இந்த மதிப்பீடும், திட்டமும் குடிவரவுச் சட்டத்தில் ‘பொது நிதி’ என்ற கணக்கில் வருவதில்லை. கேட்பதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் டி.எல்.ஏ. எனப்படும் பிள்ளைகளுக்கான இயலாமைக் கொடுப்பனவு பொது நிதிதான். ஓட்டிசம் என்றதும் “டி.எல்.ஏ. போடு” என்று கோயிலடியில் யாராவது சொல்லுவார்கள். உங்கள் விசாவில் பொது நிதி இல்லை என்ற நிபந்தனை இருந்தால், குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்தப் படிவத்தைத் தொடவேண்டாம்.

மாமிக்கு என்ன சொல்லுவது என்பது சட்டத்தில் இல்லை. பெயர் ஏற்கனவே வைத்தாயிற்று என்று மட்டும் சொல்லலாம்: ‘குழப்படிக்காரன்’. நடைபாதையில் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்.எச்.எஸ். வைத்த பெயருக்கு உதவி உண்டு, அந்தப் பெயருக்குத் தண்டனைதான் உண்டு.

சமத்துவச் சட்டம் 2010 உங்கள் சட்டைப்பையில் இன்னொன்று. ஓட்டிசம் அன்றாட வாழ்க்கையை நீண்ட காலம் கணிசமாகப் பாதித்தால் அந்தச் சட்டத்தில் அது இயலாமை, அவனுக்கு நியாயமான வசதிகள் செய்யப் பள்ளிக்கூடம் கடமைப்பட்டது: மணி அடிக்க ஐந்து நிமிடம் முதல் வகுப்பை விட்டுப் போக அனுமதி, சத்தம் குறைக்கும் காதுமூடி, வெளியே போகச் சின்ன அட்டை. இப்படி ஒரு அட்டையைச் சென்கோ கொடுக்க, தற்காலிக ரீச்சர் ஒருவர் “இது என்ன விளையாட்டு” என்று பறித்த வழக்கை நான் பார்த்திருக்கிறேன். பறித்தது அட்டை, மீறியது சட்டம். பாகுபாடு நடந்து ஆறு மாதத்துக்குள் அதே தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். அங்கே நட்டஈட்டுப் பணம் கிடைக்காது. மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லலாம், கொள்கையை மாற்றச் சொல்லலாம். என் யோசனை: முதலில் மதிப்பீடு, இது கையிருப்பில் இருக்கட்டும், ஆனால் ஆறு மாதக் கணக்கை மறக்கவேண்டாம்.

சஸ்பென்சன், ஈ.எச்.சி.பி. பற்றிச் சொன்னது எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் சட்டம் வேறு. இந்த முறையை மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சும் காதில் விழும். பாராளுமன்றம் மாற்றும்வரை 2014ஆம் ஆண்டுச் சட்டம்தான் சட்டம்.

கடைசியாக, ஈ.எச்.சி.பி. திட்டத்தின் வரைபு கையில் வந்தால் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு: உதவி எழுதப்பட்ட ‘எஃப்’ பகுதி. “தேவைப்படும்போது பெரியவர் ஒருவரின் உதவி கிடைக்கும்” என்று எழுதியிருந்தால் ஒன்றும் எழுதவில்லை என்று எடுங்கள். “பேச்சு, மொழிச் சிகிச்சையாளர், வாரம் ஒரு தடவை, 45 நிமிடம், தனியாக” என்று ஆள், எண்ணிக்கை, நேரம் மூன்றும் இருக்கவேண்டும். அப்படி எழுதியதைக் கொடுப்பது 42ஆம் பிரிவுப்படி கவுன்சிலின் கடமை, பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. வரைபு வந்ததில் இருந்து உங்கள் கருத்தைச் சொல்ல ஆகக் குறைந்தது 15 நாள் தருவார்கள். அந்த வரைபு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். ‘தேவைப்படும்போது’ என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று சிவப்புப் பேனையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.