மாடி அறையும் மூன்று மாலைகளும்

வணக்கம் ஐயா,

நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு மாடி அறை இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு, ஞாயிறு காலை யோகா வகுப்பு, எப்போதாவது ஒரு சீமந்தம். அங்கே நடப்பது இவ்வளவுதான். சென்ற மாதம் ஒரு நாடகக் குழுவினர் எங்களைப் பார்க்க வந்தார்கள். வங்கி ஊழியர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவிகள் இருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை என்று பதினைந்து பேர் கொண்ட குழு. வாரத்தில் மூன்று மாலை ஒத்திகைக்கு அறை வேண்டும், வாடகை தர முடியாது, மின்கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாதாம். ஆண்டுக்கு ஒரு நாடகம், அதுவும் நான்கைந்து முறைதான் மேடையேறும்.

செயற்குழுவில் இதைப் பற்றி வாக்குவாதம். "பொழுதுபோக்குக்காக நடிப்பவர்களுக்குப் பொது இடத்தை ஏன் சும்மா தர வேண்டும்? திறமை இருந்தால் தொழிலாகச் செய்யட்டுமே" என்கிறார் எங்கள் பொருளாளர். செயலாளரான எனக்கு அவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் நாடகம் பார்த்தே இருபது ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் நாடகக் குழுக்களோடு இருந்தவர். இவர்களால் ஊருக்கு என்ன பயன்? அறையைக் கொடுக்கலாமா?

ஒரு வாசகர், நங்கநல்லூர்

அன்புள்ள நண்பருக்கு,

கொடுங்கள்.

உங்கள் பொருளாளரின் கேள்வி நியாயமானது. பொதுச் சொத்தைக் காப்பவர் அப்படித்தான் கேட்க வேண்டும். அதனால் அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

"தொழிலாகச் செய்யட்டுமே" என்பதிலிருந்து தொடங்குகிறேன். தமிழ் நாடகத்தைத் தொழிலாகச் செய்தவர்களை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டையும் வசனத்தையும் பிள்ளைகளாக இருந்தபோதே மனப்பாடம் செய்து ஊர் ஊராகப் போன பாலர் சபைக்காரர்கள் இல்லையென்றால் நமக்கு மேடையே இல்லை. ஆனால் படித்த குடும்பங்கள் அவர்களைக் கூத்தாடிகள் என்று வாசலோடு நிறுத்திவைத்தன. 1891இல் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்து நடித்தது. பார்க்கப் போனவர்களில் பம்மல் சம்பந்த முதலியார் என்ற பதினெட்டு வயது மாணவரும் ஒருவர். அதுவரை தமிழ் நாடகத்தின்மீது அவருக்கு மரியாதையே இருந்ததில்லை. படித்து உத்தியோகத்தில் இருப்பவர்கள் வேஷம் கட்டி நடிப்பதைப் பார்த்ததும் அவர் மனம் மாறியது. அதே ஆண்டு நண்பர்கள் சிலரோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பின்னாளில் வக்கீலானார், சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியுமானார். நடிப்பதையும் எழுதுவதையும் விடவில்லை. பகலில் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போனவர்கள் இரவில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விக்டோரியா பொது மண்டபத்தில் நடித்தார்கள். ஆண்களே பெண் வேஷமும் போட்டார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அந்தச் சபையின் மேடையில் நடித்தவர். நடிப்பு என்பது ஒரு வீட்டுப் பிள்ளை வெட்கப்படாமல் செய்யக்கூடிய காரியம் என்று இந்த நகரம் ஏற்றுக்கொண்டதில், சம்பளம் வாங்காத அந்த மனிதர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

சுகுண விலாச சபை இன்றும் அண்ணா சாலையில் இருக்கிறது, ஒரு மனமகிழ் மன்றமாக. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். கட்டடம் நிலைத்துவிட்டது, மாலை ஒத்திகை நின்றுபோய்விட்டது. உங்கள் மாடி அறையைப் பற்றிப் படித்ததும் அந்த ஞாபகம்தான் வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த தலைமுறையும் ஆபீஸ்காரர்களின் தலைமுறையே. கே. பாலசந்தர் அரசுக் கணக்குத் தணிக்கை செய்யும் ஏ.ஜி. அலுவலகத்திலும், நாகேஷ் ரயில்வேயிலும், பூர்ணம் விஸ்வநாதன் வானொலியிலும் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர்கள். ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் 1952இல் தொடங்கியது. பெயரிலேயே 'அமெச்சூர்', அதாவது தொழிலாகச் செய்யாதவர்கள், என்று வைத்துக்கொண்டார்கள், அதில் அவர்களுக்கு ஒரு கௌரவம் இருந்தது. ஆங்கில நாடகம் போடும் மெட்ராஸ் பிளேயர்ஸ் 1955இல் வந்தது. சபாக்கள் உறுப்பினர் சந்தாவை வைத்து நாடகங்களை வரவழைத்தன. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் தியாகராய நகரிலும் ஒரே நாடகம் சபா சபாவாகச் சுற்றி வந்தது. பிறகு தொலைக்காட்சி மாலைகளை எடுத்துக்கொண்டது. அந்தக் கதை உங்களுக்கே தெரியும்.

அதற்குள் வேறொரு கிளையும் கிளம்பியிருந்தது. ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். நடிகன் முழுநேரமும் நடிகனாகவே இருக்க வேண்டும், உடலையும் குரலையும் நாள்தோறும் பழக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அடுத்த ஆண்டே பத்திரிகையாளர் ஞாநி பரீக்‌ஷா என்ற குழுவைத் தொடங்கினார். அங்கே வந்தவர்கள் வேலை முடிந்து வந்தவர்கள். பிரளயனின் சென்னைக் கலைக்குழு 1984இலிருந்து தெருவிலும் மேடையிலும் நடித்து வருகிறது. முழுநேரப் பாதையும் வேண்டும், மாலை நேரப் பாதையும் வேண்டும். முதலாவது நல்ல நடிகர்களைத் தந்தது. இரண்டாவதால் கிடைத்ததைச் சொல்ல எனக்குச் சொந்த அனுபவம் தேவைப்படுகிறது.

மாம்பலத்தில் ஒரு பள்ளி எங்கள் நாடகக் குழுவுக்கு வகுப்பறை ஒன்றைக் கொடுத்திருந்தது. மாலை ஆறரைக்கு பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, தரையில் சாக்பீஸால் கோடு போடுவோம். மேடையின் அகலம் இவ்வளவு, இது வாசல், இது சமையலறைக் கதவு, இது கிணறு. எங்கள் குழுவில் தையல்கடை வைத்திருந்த ஒருவர் இருந்தார். நாடா வைத்து அளந்து கோடு போடுவது அவர் வேலை. வாசல் என்றால் சரியாக மூன்றடி. "இப்போதே மூன்றரை அடியில் பழகிவிட்டால் அன்றைக்கு மேடையில் நிலையில் இடித்துக்கொள்வீர்கள்" என்பார். மறந்த வசனத்தை ஓரத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டரும் அவர்தான். மூன்று நாடகங்களின் வசனம் முழுவதும் அவருக்கு மனப்பாடம், ஒன்றில்கூட நடித்ததில்லை.

ஒருநாள் கோடுகளை அழிக்காமல் போய்விட்டோம். மறுநாள் மாலை பயந்துகொண்டே போனால், அந்த வகுப்பு ஆசிரியை எங்களுக்காகக் காத்திருந்தார். காலையில் வந்த நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தச் சாக்பீஸ் வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்களாம். ஒரு பையன் கோட்டைத் தாண்டிக் குதித்தபோது, "சுவரில் இடித்துக்கொண்டாய், வெளியே போய் வாசல் வழியாக வா" என்று மற்றவர்கள் அவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "இனிமேல் அழிக்க வேண்டாம்" என்றார் ஆசிரியை. அடுத்த நாடகத்தில் அவர் எங்களோடு நடித்தார்.

நிர்வாகம் மாறியதும் அந்த வகுப்பறை போயிற்று. எட்டு மாதம் பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஒத்திகை பார்த்தோம். அலைச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிவிட்டதால், தாய் மகனிடம் தனியாக அழும் காட்சியைக்கூட அரங்கத்தில் சண்டைபோல் நடித்தார்கள். மழை வந்தால் ஒத்திகை கிடையாது. இருட்டிய பிறகு மணலில் நிற்க வேண்டாம் என்று இரண்டு பெண்களின் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். தையல்காரர் மணலில் எப்படிக் கோடு போடுவார்? அவரும் மெல்ல மெல்ல வராமல் போனார். நாங்கள் கலைந்ததற்குக் காரணம் தொலைக்காட்சி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்களுக்குக் கூரை இல்லாமல் போனதுதான் காரணம்.

வாடகை கொடுத்து இடம் பிடிக்க முடியாதா என்று பொருளாளர் கேட்பார். கணக்கை அவரே போட்டுப் பார்க்கட்டும். ஒரு நாடகத்துக்கு நாற்பது ஒத்திகை, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். மணிக்கு ஐந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐம்பதாயிரம் ரூபாய் ஆகிறது. நூறு பேர் உட்காரும் அரங்கம், இருநூறு ரூபாய் டிக்கெட், நான்கு காட்சியும் நிறைந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வருவது எண்பதாயிரம். மீதமுள்ள முப்பதாயிரத்தில் அரங்க வாடகை, விளக்கு, மைக், உடை, செட் ஏற்றும் வண்டி எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். நிறைகிற அரங்கத்துக்கே இந்தக் கதி. ஒத்திகை இடம் இலவசமாகக் கிடைத்தால் மட்டுமே, சம்பளமில்லாத ஒரு குழு இரண்டாவது நாடகம் வரை உயிரோடு இருக்கும்.

ஊருக்கு என்ன பயன் என்று கேட்டீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டையில் தண்ணீர் முதல் மாடியைத் தொட்ட அன்று எங்கள் குழு கலைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தது. ஆனாலும் ஒருவருக்கொருவர் போன் எண் இருந்தது. யாரிடம் வண்டி, யார் வீட்டில் பெரிய அண்டா, யார் இரவெல்லாம் விழித்திருப்பார், யார் சொன்னால் கூட்டம் வரிசையில் நிற்கும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். செட் ஏற்றிய அதே வண்டியில் சாம்பார் சாதம் போயிற்று. தையல்காரர் தன் கடைத் துணியையெல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்தார். நாற்பது மாலைகள் ஓர் அறையில் ஒன்றாகத் தப்புச் செய்து, திருத்தி, சண்டை போட்டு, டீ குடித்தவர்களுக்குள் உண்டாகும் அந்தப் பழக்கம் வேறு எப்படி உண்டாகும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் வந்திருக்கும் குழுவில் வங்கி ஊழியரும் ஆட்டோ ஓட்டுநரும் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நகரத்தில் அவர்கள் இருவரும் வேறு எங்கே சரிசமமாக உட்கார்ந்து ஒருவர் தப்பை ஒருவர் திருத்துகிறார்கள்? ஒத்திகையில் அவர் இவருக்கு அப்பாவாக நடிப்பார், இவர் அவரை அறைவார்.

நிபந்தனைகள் போடுங்கள். குழுவினர் அதை மதிப்பார்கள். சாவி இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். எட்டரைக்கு விளக்கணைக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பெண்கள் பஸ் பிடித்து வீடு சேரும் நேரம் அது, உங்கள் மாடிக்குக் கீழே இருப்பவர்களுக்கும் நிம்மதி. முதல் காட்சியை, அரங்கத்தில் போடுவதற்கு முன்பே, உங்கள் தெருக்காரர்களுக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒத்திகையின்போது கதவு திறந்தே இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் வந்து ஓரமாக உட்காரலாம். எங்களுக்குப் பிராம்ப்டர் கிடைத்தது அப்படித்தான்.

ஒரே ஒரு நிபந்தனையைப் போடாதீர்கள். "முதலில் நாடகப் பிரதியைக் கொண்டு வாருங்கள், செயற்குழு படித்துப் பார்க்கட்டும்" என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் அதைத்தான் செய்தது. எழுதியதைக் காவல்துறையிடம் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டுதான் மேடையேற வேண்டியிருந்தது. ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்று சொல்லிவிட்டது. அதை நங்கநல்லூர் மாடியில் திரும்பவும் கொண்டுவந்துவிடாதீர்கள். பிடிக்காத நாடகமாக இருந்தால் முதல் காட்சி முடிந்ததும் எழுந்து அவர்களிடமே நேராகச் சொல்லுங்கள். அதற்குத்தான் அவர்கள் ஏங்குகிறார்கள்.

இன்னொன்று, அறையில் உள்ள மின்விசிறி சத்தம் போடுகிறதா என்று பாருங்கள். மெதுவாகப் பேசும் காட்சிகள் எல்லாம் அதில் போய்விடும். எலெக்ட்ரீஷியனை அவர்கள் வருவதற்கு முன்பே வரவழைத்துவிடுங்கள்.