வெறும் சேறு என்று எழுதாதீர்கள்

அன்புள்ள அக்கா,
போன மாதம் கிண்ணியாவில் கடல் வற்றிக் கிடக்கும் வத்து நேரம் மட்டி கிண்டும்போது சேற்றில் மயிர்போல ஒன்று அசைந்தது. இழுத்தேன், அறுந்து வந்தது. தோண்டினால் சட்டைப் பொத்தான் அளவு உடம்பு, நீண்ட ஐந்து கைகள். பிள்ளைகளுக்குக் காட்டக் குழாய்த் தண்ணீர்ப் போத்தலில் போட்டேன், செத்துவிட்டது. வெறும் சேற்றுக்குள் இது எப்படி வாழ்ந்தது? என்ன இனம்? படம் இணைத்திருக்கிறேன்.
ர.

தம்பி,

படத்தைப் பார்த்து இனம் சொல்ல முடியாது. வாயோரத்தையும் கைமுட்களையும் உருப்பெருக்கியில் பார்க்கவேண்டும். நட்சத்திரமீனுக்கு உறவான பிரிட்டில் ஸ்டார், அதிலும் சேற்றில் புதைந்து வாழும் வகை. அது போதும்.

ஆனால் குழாய்த் தண்ணீரா? இதுவும் நட்சத்திரமீனும் சேர்ந்த முட்தோலிக் கூட்டத்தில் ஒன்றுகூட நன்னீரில் வாழ்வதில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர் நீங்கள். ஒரு கை கடல்தண்ணீர் அள்ள எவ்வளவு நேரம் போகும்? அறுந்த கைக்காகக் கவலைப்பட வேண்டாம். மீன்கள் கடித்துக்கொண்டு போவதும் அது திரும்ப முளைப்பதும் அதன் வாழ்க்கையில் சாதாரணம்.

என்னை உறுத்தியது 'வெறும் சேறு' என்ற சொல். மூன்று தரம் வாசித்தேன். கொட்டியாரக் குடாவின் ஓரத்தில் அம்மம்மா மட்டிக்குக் கிண்டும்போது நான் கடகத்தோடு பின்னால் நிற்பேன். ஒருநாள் ஒரு கட்டிச் சேற்றைப் பிளந்து காட்டினா. உள்ளே கறுப்பு, அழுகிய முட்டை மணம். நடுவில் ஒரு சின்னத் துளை, அதைச் சுற்றித் தேத்தண்ணி நிறத்தில் ஒரு வளையம். பார்த்து முடிந்ததும் கட்டியை இருந்த இடத்திலேயே வைத்துக் காலால் அமத்தினா. அந்த வளையத்தின் அர்த்தம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கறுத்த சேற்றில் ஒட்சிசன் இல்லை. துளைக்குள் இருக்கும் உயிர் மேலிருந்து தண்ணீரை இழுப்பதால் துளையைச் சுற்றி மட்டும் மண் நிறம் மாறுகிறது. புழுவும் அதைச் செய்யும், நீங்கள் பிடுங்கியதும் செய்யும்.

அது உடம்பைச் சில சென்றிமீற்றர் ஆழத்தில் வைத்துக்கொண்டு, இரண்டொரு கையை மட்டும் மேலே நீட்டும். நீரோட்டத்தில் வரும் துகள்களைக் கையிலுள்ள குழாய்க்கால்கள், அதாவது குழாய்போன்ற மெல்லிய சின்னக் கால்கள், பசையால் பிடித்து, உருண்டையாக்கி, கைமாற்றிக் கைமாற்றி வாய்க்கு இறக்கும். மலவாய் கிடையாது, கழிவும் வாய் வழியேதான். மற்றக் கைகள் துளைக்குள் அலைபோல நெளிந்து தண்ணீரை ஓடவைக்கும். ஐரோப்பாவின் வடகடலில் இதே வகையைச் சேர்ந்த அம்பியூரா ஃபிலிஃபோர்மிஸ் என்ற இனம் சதுர மீற்றருக்கு 2000க்கும் மேல் இருந்திருக்கிறது. அத்தனை கைகளும் நெளிந்தால்தான் அடிச்சேற்றுக்குக் காற்று.

அம்மம்மா கிண்டிய இடத்தில் இப்போது கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிவிட்டார்கள். கேட்டதற்குக் கிடைத்த பதில், "அது வெறும் சேறுதானே."

அடுத்த வத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கும்போது குனிந்து, நிழல் விழாமல், அசையாமல் நில்லுங்கள். கை வெளியே வரும்வரை ஒருவரும் தொடக்கூடாது. வந்ததும் எத்தனை கை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.