ஏழாம் வகுப்பில் இந்த வாரம் என்ன பாடம்? வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளும் வழி

கேள்வி: என் மகள் தண்டையார்பேட்டையில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், தமிழ் வழி. நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போய் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புகிறேன். கணவர் காசிமேட்டில் விசைப்படகில் வேலை. கடலுக்குப் போனால் வர ஒரு வாரம்கூட ஆகும். "இன்னைக்கு என்ன நடத்தினாங்க?" என்று கேட்டால் "ஒண்ணும் நடத்தல" என்கிறாள். பள்ளிக்கூடத்தில் "கணக்குல வீக்" என்றார்கள். நான் எட்டாவது வரைதான் படித்தேன். அவள் என்னதான் படிக்கிறாள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? டியூஷன் போட்டுவிடலாமா?

பதில்: "ஒண்ணும் நடத்தல" என்று அவள் சொல்வதைப் பொய் என்று நினைக்காதீர்கள். காலையிலிருந்து பாடம் மாறி மாறி உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் மொத்த நாளையும் ஒரு கேள்வியில் கேட்கிறோம். எங்கே தொடங்குவது என்று அவளுக்கும் தெரியாது. கேள்வியைச் சின்னதாக்கினால் பதில் வரும். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தைக் காட்டி, "இது என்ன படம்? எதுக்கு இந்தக் கோடு?" என்று கேளுங்கள்.

வகுப்பு நோட்டில் தேதி போட்டு எழுத வைப்பது நம் பள்ளிகளின் பழக்கம். அதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம். வெள்ளிக்கிழமை இரவு கால்மணி நேரம் ஒதுக்கி, ஐந்து பாட நோட்டுகளிலும் கடைசி மூன்று தேதிகளைப் பாருங்கள். எழுத்து அழகாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். போர்டைப் பார்த்து எழுதியது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். பாதியில் நின்றுபோன கணக்கு, வழிமுறை இல்லாமல் விடை மட்டும் எழுதிய கணக்கு, ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டும் திருத்தாமல் விட்ட இடம், இவற்றைத் தேடுங்கள். இதற்கு நீங்கள் ஏழாம் வகுப்புப் பாடம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை.

ஏழாம் வகுப்புக்கு முப்பருவ முறை. இப்போது நடப்பது இரண்டாம் பருவம், அரையாண்டுத் தேர்வோடு முடியும். நூறு மதிப்பெண்ணில் 60 தான் அந்தத் தேர்வுக்கு. மீதி 40 வளரறி மதிப்பீடு, அதாவது செயல்பாடுகளுக்கும் வகுப்பிலேயே வைக்கும் சிறு தேர்வுகளுக்கும். வாராவாரம் கவனிப்பதற்கு இதுவே போதுமான காரணம். மழை லீவு விட்டால் பாடம் தள்ளிப்போகும், பிறகு சனிக்கிழமை வகுப்பு வைத்து வேகமாக ஓட்டுவார்கள். அந்த வாரங்களில் நோட்டைக் கட்டாயம் பாருங்கள். பாட வரிசை பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் முன்பின்னாக இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. இந்தப் பருவத்தின் முதல் பாடம் தசம எண்கள். "கணக்குல வீக்" என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு தாளில் 0.5, 0.25, 0.125 என்று எழுதி, எது பெரியது என்று கேளுங்கள். 0.125 என்று சொன்னால் திட்டாதீர்கள். 125 பெரிய எண், அதனால் இதுவும் பெரியது என்று அவள் நினைக்கிறாள். அவள் பார்வையில் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. புள்ளிக்குப் பின்னால் முதல் இடம் பத்தில் ஒன்று, அடுத்த இடம் நூறில் ஒன்று என்ற விஷயம் மனதில் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சொல்லிக்கொடுக்கப் பலரும் பணத்தை எடுப்பார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். 2.50 என்பதைப் பிள்ளைகள் "ரெண்டு ரூபாய், ஐம்பது பைசா" என்று இரண்டு தனி எண்களாகவே படித்துப் பழகியிருக்கிறார்கள். குழப்பம் அங்கேயே ஒளிந்துகொள்ளும். உங்கள் கையிலிருக்கும் இன்ச் டேப் இதற்கு மிகச் சரியான பொருள். சென்டிமீட்டர் பக்கத்தைத் திருப்பி, 1 மீட்டர் 5 சென்டிமீட்டரை அவளையே காட்டச் சொல்லுங்கள். பிறகு அதை மீட்டரில் எழுதச் சொல்லுங்கள். 1.5 என்று எழுதினால், 1.5 மீட்டர் டேப்பில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். விரல் 150-க்குப் போகும். 105-க்கும் 150-க்கும் நடுவே 45 சென்டிமீட்டர் துணி கிடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, 1.05-இல் அந்தப் பூஜ்யம் எதற்கு என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. தையல் வேலை தெரிந்த அம்மா இந்தப் பாடத்துக்கு நல்ல ஆசிரியை என்றே நான் நினைக்கிறேன்.

அதே டேப் அடுத்த பாடத்துக்கும் உதவும். அளவைகளில் வட்டத்தின் சுற்றளவும் பரப்பளவும் வருகின்றன. ஒரு குண்டானின் வாயைச் சுற்றி அளந்து, குறுக்கே விட்டத்தையும் அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்கச் சொல்லுங்கள். டம்ளர், குண்டான், பக்கெட் எதை எடுத்தாலும் மூன்றுக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். வட்டக் கணக்கில் போடும் 22/7 எங்கிருந்து வந்தது என்பது அப்போது புரியும்.

தசமத்தை இப்போதே சரிசெய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஜனவரியில் தொடங்கும் மூன்றாம் பருவத்தில் தசம எண்களைப் பெருக்குவதும் வகுப்பதும், அதற்குப் பின்னாலேயே சதவீதமும் தனிவட்டியும் வருகின்றன. அடித்தளம் ஆடினால் அத்தனையும் ஆடும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்பதால் இந்த ஓட்டை வெளியே தெரியாமல் ஒன்பதாவது வரை போய்விடும்.

தமிழில் இந்தப் பருவத்தின் முதல் இயல் முழுக்கக் கடலும் கப்பலும்தான். கலங்கரை விளக்கம் பற்றிய பெரும்பாணாற்றுப்படைப் பாட்டு, கப்பல் பற்றிய அகநானூற்றுப் பாட்டு, பிறகு தமிழரின் கப்பற்கலை என்று ஓர் உரைநடை. கப்பலின் அடிமரம் எரா, குறுக்கு மரம் பருமல், திசை திருப்ப சுக்கான், நிறுத்த நங்கூரம் என்று உறுப்புகளின் பெயர்கள் அதில் வருகின்றன. பலகைகளுக்கு நடுவே தேங்காய் நாரோ பஞ்சோ வைத்து அடைத்ததும், சுண்ணாம்பும் சணலும் அரைத்து எண்ணெய் கலந்து அடிப்பகுதியில் பூசியதும் இருக்கிறது. உங்கள் கணவர் கரைக்கு வந்ததும் மகளை அவரிடம் அந்தப் பாடத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். காசிமேட்டில் இன்று எந்தப் பாகத்துக்கு என்ன பெயர், படகு ஒழுகினால் எப்படி அடைக்கிறார்கள், எதைப் பூசுகிறார்கள் என்று அவர் சொல்லட்டும், அவள் பக்கத்தில் குறித்துக்கொள்ளட்டும். அப்பாவின் தொழில் பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கடலோரத் தெருக்களில் பல வீடுகளில் அந்தப் பாடம் மனப்பாடக் கேள்வி பதிலாகவே கடந்துபோவது எனக்கு வருத்தமான விஷயம்.

அறிவியலும் உங்கள் வீட்டைச் சுற்றியேதான் இருக்கிறது. வகைப்பாட்டியல் பாடத்தில் விலங்குகளை முதுகெலும்பு உள்ளவை, இல்லாதவை என்று பிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்குவதை வைத்தே கேளுங்கள். வஞ்சிரமும் சங்கராவும் முதுகெலும்புள்ள மீன்கள். இறாலும் நண்டும் மீனே இல்லை, கணுக்காலிகள். கணவாய் மெல்லுடலி. இந்த மூன்றும் முதுகெலும்பு இல்லாதவை. சுத்தம் செய்யும்போது எது எதில் எலும்பு இருக்கிறது என்று அவளே தொட்டுப் பார்த்தால் அட்டவணையை உருப்போட வேண்டாம். நம்மைச் சுற்றி நிகழும் மாற்றங்கள் என்ற பாடத்தில், ஐஸ் உருகுவது இயற்பியல் மாற்றம், ஜன்னல் கம்பி துருப்பிடிப்பது வேதியியல் மாற்றம். உருகிய நீரை மறுபடி ஐஸ் ஆக்கலாம், துருவை அப்படித் திரும்ப இரும்பாக்க முடியாது. காற்றில் உப்பு கலந்திருப்பதால் ராயபுரம், காசிமேடு பக்கம் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெப்பம் பற்றிய பாடத்துக்கு வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் போதும். 98.6 ஃபாரன்ஹீட் எப்படி 37 செல்சியஸ் ஆகிறது என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள், தசமத்துக்கும் பயிற்சி ஆகும். மின்னோட்டம் பாடத்துக்குச் சோதனை செய்ய ஆசைப்பட்டால் டார்ச் பேட்டரியும் சின்ன பல்பும் மட்டும்தான். சுவர் பிளக்கின் பக்கம் கையே போகக் கூடாது.

சமூக அறிவியலில் விஜயநகரம், பாமினி, முகலாயர், மராத்தியர் என்று வரலாறு போகிறது. ஆண்டுகளைப் பார்த்துப் பிள்ளைகள் மிரளுவார்கள். 1565 தலைக்கோட்டைப் போரோடு விஜயநகரக் கதை முடிந்துவிடவில்லை. அவர்களின் வழிவந்தவர்கள் சந்திரகிரியில் இருந்தபோது, அவர்களுக்குக் கீழிருந்த நாயக்கரிடம்தான் 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் பெற்றது. சென்னையின் கதை அங்கே தொடங்குகிறது. மராத்தியர் பாடம் வரும் வாரம் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1674-இல் முடிசூடிய சிவாஜி 1677-இல் அங்கே வந்து வழிபட்டதாகச் சொல்கிறார்கள். குடிமையியலில் மாநில அரசு. அதற்கும் அதே வழியில் புனித ஜார்ஜ் கோட்டை இருக்கிறது, 234 உறுப்பினர்கள் கூடும் சட்டமன்றம் அங்கேதான். புவியியலில் வளங்கள் என்ற பாடம். அத்திப்பட்டில் இருக்கும் வட சென்னை அனல் மின் நிலையம் எதை எரிக்கிறது, அது தீர்ந்தால் மறுபடி கிடைக்குமா என்ற ஒரு கேள்வியிலேயே பாதிப் பாடம் வந்துவிடும்.

ஆங்கிலத்துக்குத் தினமும் ஐந்து வரி சத்தமாக வாசிக்க வையுங்கள். உச்சரிப்பைத் திருத்த வேண்டாம், எங்கே தயங்கி நிற்கிறாள் என்று மட்டும் கவனியுங்கள். அந்தச் சொற்களை அவளே ஒரு தாளில் எழுதி அடுத்த நாள் ஆசிரியரிடம் கேட்கட்டும்.

இனி டியூஷன். உடனே போட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பல டியூஷன்களில் அன்றைய வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்புவதோடு சரி. நோட்டு நிரம்பும், 0.5-க்கும் 0.125-க்கும் உள்ள குழப்பம் அப்படியே இருக்கும். முதலில் மூன்று வாரம் இன்ச் டேப்போடு உட்காருங்கள். அதற்குப் பிறகும் நகரவில்லை என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் சேர்க்கும்போதே, "இவளுக்குத் தசம எண்ணில் இடமதிப்பு புரியல. வீட்டுப்பாடம் நாங்க பார்த்துக்கிறோம், நீங்க இதைச் சொல்லிக்கொடுங்க" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கத் தயாராக இருப்பவரிடம் அனுப்புங்கள். பழைய புத்தகம் வீட்டில் இல்லாவிட்டால் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, போனில் இறக்கிக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடத்திலும் ஒரு விஷயம் கேட்க வேண்டும். "கணக்குல வீக்" என்பதை வைத்து நாம் எதுவும் செய்ய முடியாது. எந்தக் கணக்கில், எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று கணக்கு ஆசிரியரிடமே நேரில் கேளுங்கள். முடிந்தால் அவளுடைய நோட்டையும் எடுத்துப் போங்கள். வேலை நாளில் லீவு போட முடியாதென்றால் காலை மணி அடிப்பதற்கு முன் பத்து நிமிடம் கேட்டு வாங்கலாம், அல்லது போனில் பேச நேரம் கேட்கலாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். உங்கள் பள்ளியிலும் உங்களைப் போன்ற அம்மாக்கள் அதில் இருப்பார்கள். யார் என்று விசாரியுங்கள். மழை லீவில் விட்டுப்போன பாடங்களை எப்போது எடுப்பார்கள் என்ற கேள்வியை அவர்கள் மூலம் கூட்டத்தில் வைத்தால், உங்கள் மகளோடு அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் பதில் கிடைக்கும்.