டைபியூட்டைல் தாலேட்: லேபில் இருக்கும் அந்த எண்ணெயைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

கேள்வி: எங்கள் லேபில் டைபியூட்டைல் தாலேட் பாட்டில் ஒன்று இருக்கிறது. ‘கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கலாம்’ என்று லேபிளில் போட்டிருக்கிறது. சீனியர்களோ கையுறைகூட இல்லாமல் எடுக்கிறார்கள். எதை நம்புவது? இது எதற்குத்தான் பயன்படுகிறது?

லேபிளை நம்புங்கள். சீனியர்கள் ஏன் அலட்சியமாக இருக்கிறார்கள் என்பதை ஊகிக்க முடிகிறது. இதற்கு நெடி கிடையாது, கையில் பட்டால் எரியாது, புகையாது. நிறமற்ற, கொஞ்சம் கொழகொழப்பான எண்ணெய், அவ்வளவுதான். எலிகளுக்கு வாய்வழி கொடுத்தால் சாகடிக்கும் அளவே உடல் எடையில் கிலோவுக்குப் பல கிராம் ஆகும். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது சாதுவான பொருளாகத்தான் தெரியும்.

இதன் குணங்களைத் தெரிந்துகொண்டால் பயன்களும் தானாகப் புரியும். மூலக்கூறு எடை 278. கொதிநிலை சுமார் 340 டிகிரி செல்சியஸ், உறைய வேண்டுமானால் மைனஸ் 35 வரை போக வேண்டும். தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது. லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவில்தான் போகும். அறை வெப்பத்தில் ஆவியாவதும் மிகக் குறைவு. அதனால்தான் அழுத்தம் அளக்கும் மானோமீட்டரில் பாதரசத்துக்குப் பதிலாக இதை ஊற்றுகிறார்கள். பாதரசத்தின் அடர்த்தி 13.6, இதனுடையது 1.05-க்குச் சற்றுக் கீழே. பாதரசம் ஒரு மில்லிமீட்டர் ஏறும் அழுத்தத்துக்கு இது 13 மில்லிமீட்டர் ஏறும். சின்ன அழுத்த வேறுபாட்டைக் கண்ணால் படிக்க அருமையான வழி.

நுண்ணோக்கி ஸ்லைடுகளில் கவர்ஸ்லிப் ஒட்டப் பயன்படும் டிபிஎக்ஸ் தெரியும் அல்லவா? அது பாலிஸ்டைரீனும், பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் பிளாஸ்டிசைசரும், சைலீன் என்ற கரைப்பானும் சேர்ந்த கலவை. அந்த பிளாஸ்டிசைசர் பெரும்பாலும் இதுதான். இது இல்லாவிட்டால் காய்ந்த படலம் விறைத்து விரிசல் விடும். கார்பன் பிளாக் என்ற கரித்தூள் எவ்வளவு எண்ணெய் உறிஞ்சுகிறது என்று அளக்கவும் இதைத்தான் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். கலக்கும் துடுப்பு திடீரென்று இறுகும் இடம்தான் அளவீடு. நச்சுத்தன்மை காரணமாக அந்தச் சோதனையில் இப்போது பாரஃபின் எண்ணெயும் பயன்படுகிறது. லேபுக்கு வெளியே, நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், பசை, நெயில் பாலிஷ் என்று நிறைய இடங்களில் இது இருந்திருக்கிறது.

சரி, ஆபத்துக்கு வருவோம். உடலுக்குள் போனதும் இதன் ஒரு பியூட்டைல் பிணைப்பு உடைந்து மோனோபியூட்டைல் தாலேட் ஆகிறது. வேலையைக் காட்டுவது அதுதான். கர்ப்பமான எலிகளுக்குக் கொடுத்தபோது, ஆண் கருவின் விரைகளில் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தி குறைந்தது. விரை இறங்காமை, சிறுநீர்த் துவாரம் இடம் மாறி இருத்தல் போன்ற குறைபாடுகள் வந்தன. கருவின் உறுப்புகள் உருவாகும் அந்தக் குறுகிய காலத்தில் பட்டால்தான் இந்தப் பாதிப்பு தீவிரம். மனிதர்களிடம் இவ்வளவு நேரடியான சான்று எடுக்க முடியாது. ஆனாலும் 2005-இல் ஷன்னா ஸ்வான் என்ற ஆய்வாளரின் குழுவினர், தாயின் சிறுநீரில் தாலேட் (இந்த எண்ணெய் சேர்ந்த சேர்மக் குடும்பம்) சிதைபொருள்கள் கூடுதலாக இருந்தபோது ஆண் குழந்தைகளின் மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் குறைவாக இருந்ததைக் காட்டினார்கள். எலிகளிலும் பார்க்கப்பட்ட அடையாளம் அது. அது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. இருந்தாலும் நான் அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவின் 2008 சட்டம் குழந்தைப் பொம்மைகளில் இதற்கு 0.1 சதவீத வரம்பு வைத்தது. ஐரோப்பாவிலும் அதே வரம்பு உண்டு. அங்கே அழகு சாதனங்களில் இதைச் சேர்க்கவே கூடாது.

இது உடலில் தேங்குவதில்லை, பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். அதனால் எப்போதோ ஒரு சொட்டு கையில் பட்டதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வெறும் தண்ணீரில் போகாது. தினமும் படுவதுதான் பிரச்சினை. நைட்ரைல் கையுறை போடுங்கள். வினைல் கையுறை வேண்டாம், அது பிவிசி பிளாஸ்டிக். அதை மென்மையாக்கவே பெரும்பாலும் ஏதாவது ஒரு பிளாஸ்டிசைசர் சேர்த்திருப்பார்கள். சூடாக்குவதாக இருந்தால் ஃபியூம் ஹுட்டுக்குள் மட்டும். கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள், பாலிஸ்டைரீன் பாத்திரத்தை இது இளக்கிவிடும்.

இன்னொன்று, பகுப்பாய்வு வேலை செய்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. பிவிசிக்குள் தாலேட் வேதிப் பிணைப்பில் இருப்பதில்லை. கதவுக் கீலில் விட்ட எண்ணெய் மாதிரி, சங்கிலிகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருக்கிறது. கரைப்பான் பட்டதும் வெளியே வந்துவிடும். உங்கள் சாம்பிளை பிவிசி டியூப் வழியாக எடுத்து, ஆவியாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரம் (மூலக்கூறுத் துண்டுகளின் எடையைக் காட்டும் வரைபடம்) பார்க்கும்போது m/z 149-இல் ஒரு பெரிய உச்சி நின்றால், புதுச் சேர்மம் கிடைத்துவிட்டது என்று குதிக்காதீர்கள். புரோட்டான் ஏறிய தாலிக் அன்ஹைட்ரைடு அது. பெரும்பாலான தாலேட்டுகளும் அங்கேதான் முகம் காட்டும். புரோட்டான் என்எம்ஆரில் 7.5, 7.7, 4.3 ppm பக்கம் பாருங்கள், அங்கேயும் இருக்கும். சாம்பிளே இல்லாமல் அதே கரைப்பானை அதே டியூப் வழியாக விட்டு ஒரு பிளாங்க் ஓட்டினால் ஐயம் தீர்ந்துவிடும்.

அப்புறம், மிச்சத்தை சிங்க்கில் ஊற்றாதீர்கள். தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் அடியில் போய் நிற்கும், நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு. ஹாலோஜன் இல்லாத கரிமக் கழிவு டப்பாவில் போடுங்கள். லேபில் யாராவது கர்ப்பமாக இருந்தால், அல்லது அதற்குத் திட்டமிட்டிருந்தால், அவரே கேட்கும்வரை காத்திருக்காமல் இந்த பாட்டிலோடு செய்யும் வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.