ஒத்திக்கு மாற்றினால் வாடகைக்காரர் போய்விடுவாரா?

கேள்வி: மில் வேலையில் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மதுரை திருநகரில் மாடியும் கீழுமாக ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டேன். கீழ்வீட்டுக்காரர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் வருடம் 11 மாதப் பத்திரம் போட்டதோடு சரி. ஐந்து மாதமாக வாடகை தரவில்லை. கேட்டால், "இன்னும் மூணு வருஷம் போனா வீடே எனக்குத்தான்" என்கிறார். புரோக்கரோ, "மோட்டாரை நிறுத்துங்க, ஆளை நான் கிளப்புறேன், 5 லட்சத்துக்கு ஒத்தி விட்ருவோம்" (மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் குடிவைப்பது) என்று சொல்லி, புது ஆளிடம் 10,000 ரூபாய் டோக்கனும் வாங்கித் தந்துவிட்டார். என்ன செய்யட்டும்?

பதில்: பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் வீடு குடியிருப்பவருக்கே சொந்தம் என்கிற கதை டீக்கடைச் சட்டம். வாடகைக்கு என்று உள்ளே வந்தவர், குடியிருக்கும்வரை வீட்டுக்காரரின் உரிமையை மறுத்துப் பேச முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 116-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 122. உங்கள் அனுமதியில், உங்களுக்கு வாடகை கொடுத்து இருப்பவருக்கு அந்த 12 வருடக் கணக்கே கிடையாது. அவர் ஜிபேயில் அனுப்பிய வாடகை உங்கள் பாஸ்புக்கில் வரிவரியாக இருக்கும். இன்றைக்கே பேங்குக்குப் போய் ஒன்பது வருடத்துக்கும் ஸ்டேட்மென்ட் எடுத்து வையுங்கள்.

மோட்டார் சுவிட்சில் கை வைக்காதீர்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, வாடகை பாக்கி இருந்தாலும் தண்ணீர், கரண்டை நிறுத்தக் கூடாது. புரோக்கர் நாலு பேரைக் கூட்டி வந்து சாமானை வெளியே வைத்துப் பூட்டினால், வாடகைக்காரர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுத் திரும்ப உள்ளே வரலாம். அப்போது போலீஸ் ஸ்டேஷனில் நிற்கப் போவது நீங்கள். புரோக்கர் போனையே எடுக்க மாட்டார்.

ஒழுங்கான வழி ஒன்று உண்டு. புதிதாக எழுத்தில் ஒப்பந்தம் போட வாருங்கள், பாக்கியைக் கட்டுங்கள் என்று வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஒப்பந்தம் போட வராததும் தனிக் காரணம். அவர் வந்தால், போடும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். 11 மாதம்தானே என்று இதில் தப்பிக்க முடியாது. எல்லாம் ஆன்லைன் என்பார்கள். ஏற்றிவிட்டுப் போனால், "நகல் மூணு செட் எங்கே?" என்று கேட்கிற ஆபீஸையும் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் முடிக்கத்தான் இந்தச் சட்டத்தையே கொண்டுவந்தார்கள். ஆனாலும் வாய்தா வாய்தா என்று இழுத்து, உலகனேரியில் இருக்கிற ஹைகோர்ட் மதுரைக் கிளை வரை போகிற வழக்குகள் உண்டு. அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி ஒத்தி. மதுரையில் பாதிப் பேர் ஒத்தியை 'வாடகை இல்லாத வாடகை' என்று நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது அடமானம். பணத்தை வாங்கிக்கொண்டு, வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிக்கக் கொடுக்கிறீர்கள். 100 ரூபாயும் அதற்கு மேலும் போகிற இப்படிப்பட்ட அடமானத்தைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிந்தே ஆக வேண்டும். புரோக்கர், "நோட்டரி சீல் வச்சா ரிஜிஸ்டர் பண்ண மாதிரிதான்" என்பார். இல்லவே இல்லை. நோட்டரி சீல் வேறு, பதிவு வேறு.

ஒருவர் மஞ்சப்பையில் இருந்து எடுத்து நீட்டிய ஒத்திப் பத்திரம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எண்ணில் 5,00,000 என்றும், எழுத்தில் 'நான்கு லட்சம் மட்டும்' என்றும் இருந்தது. சாட்சிக் கையெழுத்து இரண்டும் ஒரே பேனா, ஒரே சாய்வு. குடிவந்தவர் 5 கொடுத்தேன் என்கிறார், வீட்டுக்காரர் கைக்கு வந்தது 4. நடுவில் ஒரு லட்சம் எங்கே போனது என்று நான் சொல்ல வேண்டுமா?

பதிந்துவிட்டாலும் உங்களுக்கு இது சரிப்படாது. ஒத்திக்காரர் வாடகைக்காரர் அல்ல. நான் மேலே சொன்ன நோட்டீஸ், வாடகை நீதிமன்றம் எதையும் அவர் மேல் பாய்ச்ச முடியாது. மொத்தப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தால்தான் வீடு. அந்த 5 லட்சத்தை மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ செலவழித்துவிட்டு, கெடு வந்ததும் அடுத்த ஒத்திக்காரரைத் தேடி அலைகிறவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். மாதாமாதம் காசு வரும் என்று வீடு வாங்கிய உங்களுக்கு ஒத்தியில் அதுவும் வராது. அப்புறம், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாகவோ டெபாசிட்டாகவோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம். ஒத்திப் பணத்தைப் பையில் கட்டிக் கொடுப்பதுதானே நம் ஊர் வழக்கம்!

அந்த டோக்கன் 10,000 ரூபாயை இந்த வாரமே திருப்பிவிடுங்கள். புரோக்கர் கையில் கொடுக்காமல், கொடுத்தவர் கணக்குக்கே நேராக அனுப்பி, 'ஒத்தி டோக்கன் திருப்பியது' என்று குறிப்பும் போடுங்கள்.